அழாதவர் அழுத இடம்

அன்று காலை அந்தச் சின்னத் திரையரங்கில் இருந்தவர்கள்:

தயாரிப்பாளர். காசு போட்டவர் என்பதால் நடு நாற்காலி அவருக்கு.

அவருடைய மனைவி. படத்தின் பெயர் திரையில் வருவதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் ரகம்.

அவருக்குப் பக்கத்தில், படத்தை எழுதி இயக்கிய தம்பி. யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் முதலில் உடைகிறவன். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனுக்கு அழுமூஞ்சி என்று பெயர்.

அதே வரிசையின் மறுகோடியில் அவனுடைய அத்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். மாமனார் செத்த அன்றும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். மனைவி வீட்டார் அவருக்கு வைத்த பெயர் சுவர்.

குட்டி. சுவருடைய ஒரே மகள். படத்தில் வரும் குழந்தைக்கு இவள்தான் குரல் கொடுக்கப்போகிறாள். இந்தப் படம் உனக்கு வேண்டாம் என்று வெளியே உட்காரவைத்தும், கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

கடைசியாக எடிட்டர். அழுமூஞ்சிக்கு அக்கா, சுவருக்கு மனைவி, குட்டிக்கு அம்மா. தொழில் பெயரே வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உட்காராமல் ஓரமாக நின்றாள்.

இவர்கள் போக, திரைக்குக் கீழே ஒரு கேமரா. இருட்டிலும் படம் பிடிக்கும். அது திரையைப் பார்க்காது, பார்க்கிறவர்களைப் பார்க்கும். படத்தை முடித்துக் கொடுப்பதற்கு முன்னால் நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் முகத்தைப் பதிவு செய்துகொள்வது எடிட்டரின் வழக்கம். வாயால் பொய் சொல்வார்கள். இருட்டில் முகம் பொய் சொல்லாது என்பது அவள் நம்பிக்கை.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். போன வருஷம் எடிட்டர் வீட்டில் இருந்த அவள் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தார். எடிட்டர் வேலையில் இருந்தாள். தம்பி வெளியூர்ப் படப்பிடிப்பில் இருப்பதாகச் சொன்னான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த சுவர்தான் முதலில் பார்த்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். "அத்தான் ஏன்க்கா அழவே இல்ல?" என்று தம்பி ஒருநாள் கேட்டான். ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அவர் வேண்டுமென்றே தாமதித்தாரோ என்ற சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. எடிட்டர் வேறு அறையில் படுக்க ஆரம்பித்தாள். நாளை காலை குட்டியோடு தம்பி வீட்டுக்குக் குடிபோகிறாள். பெட்டிகள் கட்டியாயிற்று. சுவர் அதைப் பார்த்துவிட்டு, "மேல இருக்கிற பெட்டியை நான் இறக்கித் தரேன்" என்றார். அவ்வளவுதான்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள்.

தயாரிப்பாளரின் மனைவிக்கு மூக்கு சிவந்திருந்தது. தம்பிக்கும். இரண்டு பேரும் ஒரே கைக்குட்டையைப் பங்கு போட்டிருந்தார்கள்.

"தம்பி, எல்லாம் சரி. அந்த ஆளு கடைசிலயாவது ஒரு சொட்டுக் கண்ணீர் விடட்டுமே" என்றார் தயாரிப்பாளர். "கிழவர் உள்ள விழுந்து கிடந்து கூப்பிடறாரு. இவன் பாட்டுக்கு வீட்டை ஒழுங்குபண்ணிட்டுச் செருப்பை மாட்டிட்டுப் போறான். ஜனங்க எப்படி மன்னிப்பாங்க?"

"மன்னிக்கக் கூடாது சார்."

"அப்புறம் எதுக்கு டிக்கெட் வாங்கறாங்க?"

தம்பி சிரித்தான். அவன் சிரித்தால் அறையே கொஞ்சம் சிரிக்கும். "கதைகள்ல வர்ற கல்மனசுக்காரங்களை எல்லாம் எடுத்துப் பாருங்க சார். பாதி வரைக்கும் நல்லா எழுதுவாங்க. அப்புறம் எழுதறவனுக்கே பயம் வந்துரும். சின்ன வயசுல அவனை யாரோ அடிச்சாங்கன்னு ஒரு பக்கம் எழுதிருவான். சினிமான்னா மழையில நிக்கவச்சுக் கண்ணைக் கழுவிவிட்டுருவாங்க. ஒரு காரணம் கிடைச்சாத்தானே நமக்குத் தூக்கம் வரும்? என் ஆளுக்குக் காரணமே கிடையாது."

"காரணம் இல்லாமலா ஒருத்தன் அப்படி இருப்பான்?" என்றார் தயாரிப்பாளரின் மனைவி. "ஐயோ, எனக்கு உடம்பே நடுங்குது."

"அதான் மேடம் வேணும். அன்பா இருக்கிறவனை ஜனங்க ஒரு நிமிஷம் பாப்பாங்க. உள்ள ஒண்ணுமே இல்லாதவன்கிட்டேயிருந்து கண்ணை எடுக்க மாட்டாங்க. எப்ப என்ன பண்ணுவானோன்னு பயம்." அவன் அத்தான் பக்கம் திரும்பினான். "என்ன அத்தான், நீங்க ஒண்ணும் சொல்லலையே? உங்களுக்குப் பிடிச்சிருக்கணுமே."

தயாரிப்பாளர் களுக்கென்று சிரித்துவிட்டு, பிறகு இருமலாக மாற்றினார்.

சுவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் குட்டியின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். பார்த்த எடிட்டருக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

"அக்கா, நான் குட்டியை டப்பிங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் தம்பி. "சாயங்காலம் கொண்டுவந்து விடறேன். நீ போய் முகத்தை எல்லாம் பாரு."

"சேட்டை பண்ணினா ரெண்டு போடு."

"நம்ம குட்டியையா? எனக்குக் கை வருமா?"

குட்டி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே போனாள்.

எடிட்டிங் அறையில் குளிர் அதிகம். இயந்திரங்களுக்காக வைத்த குளிர், மனுஷருக்கு அல்ல. எடிட்டர் ஒரு திரையில் படத்தையும் மறு திரையில் முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள்.

அவளுக்கு இந்தத் தொழிலில் முதலில் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒன்றும் காட்டாத முகத்துக்கு அடுத்து ஒரு குழந்தையை ஒட்டினால் பார்க்கிறவன் பாசம் என்பான். அதே முகத்துக்கு அடுத்து ஒரு பிணத்தை ஒட்டினால் கொலைகாரன் என்பான். முகம் ஒன்றும் செய்வதில்லை. ஒட்டுகிறவள் செய்கிறாள்.

கிழவர் விழுகிற காட்சி வந்தது. தயாரிப்பாளர் நாற்காலிக் கையை இறுக்கினார். அவர் மனைவி கண்ணை மூடினார். தம்பி வாயைப் பொத்தினான். சுவர் அசையவில்லை. எதிர்பார்த்ததுதான். எடிட்டர் உதட்டைச் சுழித்தாள்.

அடுத்த காட்சி சும்மா ஒரு நிரப்பு. உள்ளே கிழவரின் குரல் கேட்டுக்கொண்டிருக்க, அந்த ஆள் கூடத்தில் கிழவரின் போனை எடுத்துச் சார்ஜில் போடுகிறான். போனோடு இருந்த கழுத்துக் கயிற்றை நிதானமாகச் சுற்றிப் பக்கத்தில் வைக்கிறான். எடிட்டர் இதை எத்தனையோ தடவை வெட்டி ஒட்டியிருக்கிறாள். அப்பாவும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவார். தம்பி அதிலிருந்து எடுத்துக்கொண்டான் என்று நினைத்திருந்தாள்.

முகத் திரையில் சுவரின் கை மேலே எழுந்தது.

எடிட்டர் ஓட்டத்தை நிறுத்தினாள். பின்னால் போனாள். மறுபடி ஓடவிட்டாள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. இருட்டில் கண்ணிலிருந்து இறங்கியது கேமராவில் வெள்ளையாகப் பளபளத்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பார்க்காத முகம் அது. யாரோ வேறு ஆள் என்றே நினைத்தாள்.

மற்ற எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிற இடத்தில் இந்த மனுஷன் ஏன் அழுகிறார்?

பிறகுதான் அதை விட மோசமானதைப் பார்த்தாள். அந்த நேரத்தில் தயாரிப்பாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியும் அப்படியே. தம்பி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, வரிசையின் மறுகோடியில் இருந்த அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அழுவதைக் கடைசிவரை பார்த்தான். பிறகு மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவன் முகத்தில் எதுவுமே இல்லை.

எடிட்டர் அவனை மட்டும் பெரிதாக்கிக்கொண்டாள். படத்தின் முதலிலிருந்து, அவன் அழுகிற ஒவ்வொரு இடத்தையும் மெதுவாக ஓட்டினாள். தயாரிப்பாளரின் மனைவிக்கு முதலில் உதடு துடிக்கும். தம்பியின் கண் பக்கவாட்டில் ஓடும். அந்த உதட்டைப் பார்க்கும். அதற்குப் பிறகு அவன் உதடு துடிக்கும். அவர் கண்ணை ஒற்றுவார். இவன் பார்ப்பான். அப்புறம் ஒற்றுவான். சாதாரணக் கண்ணுக்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுகிற மாதிரித்தான் இருக்கும். வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள் கண்ணுக்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு பள்ளம் மாதிரித் தெரிந்தது.

ஒரு இடத்தில்கூட அவன் முதலில் அழவில்லை.

அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தபோது தம்பி உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பக்கத்தில். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எடிட்டர் இரண்டு திரையையும் அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு கட்டடத் தொழிலாளி கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து சுவரின் குரல் கேட்டது. "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. விடுங்க." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இதே குரலில்தான் வீட்டிலும் பேசுவார்.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்த பெண் சுவரின் முகத்தையே பார்த்தாள். "ஏதாவது இருக்குதா சார்?"

"டாக்டர் சொல்லுவாரும்மா."

அவள் இன்னும் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்காததால் கொஞ்சம் நிம்மதியோடு போனாள். எடிட்டர் அதை முதல் தடவையாகக் கவனித்தாள்.

சுவர் அவளைப் பார்த்ததும் ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டினார். "குட்டிக்கு ஏதாவதா?"

"குட்டிக்கு ஒண்ணும் இல்ல. நீங்க காலைல அழுதீங்க."

அவர் மாட்டிய கவசத்தின் மடிப்பைச் சரிசெய்தார்.

"கேமரால இருக்கு. சும்மா நிக்காதீங்க. கிழவர் விழுற இடத்துல அழலை. போனைச் சார்ஜ்ல போடற இடத்துல அழுதீங்க. ஏன்?"

"இங்க வேண்டாமே."

"இங்கதான்."

அவர் கதவைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் இருந்தவர் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னைக்கு உங்கப்பா கழுத்துல போன் இல்ல" என்றார். "கூடத்துல சார்ஜ்ல இருந்துச்சு. கயிறு சுத்தி, பக்கத்துல வச்சிருந்துச்சு. படத்துல வந்த மாதிரியே."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ போட்டுட்டுப் போனதா நெனச்சேன்."

"நானா?" என்றாள் எடிட்டர்.

"காலைல அவசரத்துல, அப்பா போன் செத்துப்போச்சேன்னு நீ கழட்டிச் சார்ஜ்ல போட்டிருப்பியோன்னு நெனச்சேன். அது கழுத்துல இருந்திருந்தா அவர் கூப்பிட்டிருப்பாரு. பிழைச்சிருப்பாரு. இது உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டே. யாரும் வர்றதுக்குள்ள எடுத்து மறைச்சிட்டேன். என் முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவியோன்னு முகத்தையும்..."

"நான் போடலை."

"தெரியும். காலைலதான் தெரிஞ்சுது. ஒரு வருஷமா உன்னை மன்னிச்சுக்கிட்டே இருந்தேன். மன்னிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சதும் தாங்கலை."

ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தி புருஷனைக் கொலைகாரன் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் புருஷன் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். பெரிய காதல் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேரும் ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்திருக்கலாம்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா? தம்பிகிட்ட?"

"சுவர் பேசுமா?" என்றார் அவர். அந்தப் பெயர் தனக்கு இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்படின்னா, போன் அங்க இருந்தது உங்களுக்குத் தெரியும். அப்புறம் வச்சவனுக்குத் தெரியும்."

"ம்."

"அவன் வெளியூர்ல இல்ல."

"ம். காலைலருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு."

"அவன் உங்களைப் பாத்தான்" என்றாள் எடிட்டர். "நீங்க அழறதைப் பாத்துக்கிட்டே இருந்தான். உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரியும்."

அவர் முகம் அப்போதும் மாறவில்லை. ஆனால் கை வண்டிச் சாவியைத் தேடியது. "குட்டி எங்க?"

எடிட்டர் போனை எடுத்தாள். தம்பியைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தான்.

"அக்கா! குட்டி பின்றா. ஒரே ஒரு அழுகை பாக்கி. முடிஞ்சதும் கூட்டிட்டு வரேன்."

"நான் வரட்டுமா?"

"நீ எதுக்கு? அம்மாவைப் பாத்தா கூச்சப்படுவா." ஒரு சின்ன இடைவெளி. "அத்தான் பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. நான் எடிட்டிங்லதான் இருக்கேன்."

வெளியே நர்ஸ் அடுத்த பேரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். ஸ்ட்ரெச்சர் ஒன்று கடகடவென்று போனது.

"ஓ" என்றான் தம்பி. "சரிக்கா." வைத்துவிட்டான்.

டப்பிங் ஸ்டுடியோ மாடியில் இருந்தது. ஒலிப்பதிவாளரின் நாற்காலி காலி. தம்பி அவரை டீ குடிக்க அனுப்பியிருக்கிறான். மேஜைக்கு முன்னால் பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒலி புகாத அறை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணாடி வழியே குட்டி தெரிந்தாள். காதில் பெரிய ஹெட்போன். எதிரே தம்பி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். மைக் திறந்திருந்தது. உள்ளே பேசுவது வெளியே ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது.

"எனக்கு அழுகை வரலை மாமா."

"வர வேண்டாம். வரணும்னு யாரு சொன்னா? என் முகத்தைப் பாரு. வாய் எப்படிக் கோணுது? அதை அப்படியே எடுத்து உன் மூஞ்சில மாட்டிக்க. அப்புறம் சத்தத்தைச் சேத்துக்க. அவ்வளவுதான்."

"நெஜமா அழறவங்க எப்படி அழுவாங்க?"

"அப்படி யாராவது இருக்காங்களா என்ன? எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்துத்தான்."

"அம்மாகூடவா?"

"உங்கம்மா கொஞ்சம் வித்தியாசம்" என்றான் தம்பி. யோசித்துச் சொன்னான். "அவளைப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்."

சுவர் கதவை நோக்கிப் பாய்ந்தார். எடிட்டர் அவர் கையைப் பிடித்தாள். "நீங்க போனா அவன் குட்டியை விட மாட்டான். நான் போறேன்."

அந்தக் கதவு கனமானது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"அட, அக்கா!" என்றான் தம்பி. எழுந்திருக்கவில்லை. அவன் கை குட்டியின் தோளில் இருந்தது.

"குட்டி, அப்பா வெளிய நிக்கிறாரு. போ."

"டேக் முடியலைம்மா. மாமா ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னாரு."

"அப்பா வாங்கித் தருவாரு. போ."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். படிக்கிற மாதிரி, ஒவ்வொரு இடமாக. நெற்றி, கண், வாய். கோபம் இருந்தால் கோபத்தை எடுத்துக்கொள்வான். பயம் இருந்தால் பயத்தை. எடிட்டருக்கு உள்ளே எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எக்ஸ்ரே அறையில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்ன முகத்தை அவள் பார்த்திருந்தாள். அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒன்றுமே காட்டவில்லை.

எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காததால் அவன் முகம் மெல்லக் காலியானது. சிரிப்பு போனது. பிரியம் போனது. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி, ஆணி மட்டும் மிச்சமாக ஒரு முகம். இத்தனை வருஷம் தூக்கி வளர்த்த தம்பியின் சொந்த முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

குட்டியும் அதைப் பார்த்தாள். தோளை உருவிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். வெளியே சுவர் அவளை வாரித் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயசைத் தாண்டிய பிள்ளை. கால் இரண்டும் தொங்கின.

"வா" என்றார் எடிட்டரிடம். "போதும். வா."

அவள் திரும்பி நடந்தாள். வாசலில் ஒரு கால் வைத்தாள்.

"நாளைக்கு வேன் அனுப்பட்டுமாக்கா?" பின்னாலிருந்து கேட்டது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"வேண்டாம். நாங்க வரலை."

"சரி. அப்பா ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாரு தெரியுமா? உள்ளேயிருந்து. உடனே எல்லாம் போயிடலை." எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிறவன் போல நிறுத்தினான். "முக்கால்வாசி உன்னைப் பத்தித்தான். உனக்கு ஒரு விஷயம் சொல்லச் சொன்னாரு. யாரும் கேக்கலை, அதனால நானும் சொல்லலை."

எடிட்டர் நின்றாள்.

போயிருக்கலாம். புத்தியுள்ளவர்கள் போயிருப்பார்கள். மகள் கைக்கு வந்தாயிற்று, புருஷன் கூப்பிடுகிறான், படி பத்தடியில் இருக்கிறது. ஆனால் அப்பா கடைசியாகச் சொன்னது உலகத்தில் ஒரே ஒருவன் தலைக்குள் இருக்கிறது. அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாளைக்கே அவன் மறந்தும் போகலாம்.

"குட்டியைக் கீழ கொண்டு போங்க" என்றாள் புருஷனிடம். "ஒரு நிமிஷம். பின்னாடியே வரேன்."

சுவர் அவள் முகத்தைத் தேடினார். அதில் ஒன்றும் இல்லை. நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று நம்பிப் படியில் இறங்கினார். குட்டியின் செருப்பு ஒன்று கழன்று படியில் உருண்டது. அப்பாவும் மகளும் அதற்காக நின்று குனிந்தார்கள்.

எடிட்டர் உள்ளே வந்தாள்.

தம்பி அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கதவு மூடும்போது சத்தம் வராது. அதற்காகத்தான் அத்தனை செலவு செய்து போட்டிருக்கிறார்கள். படியில் குட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்த குரல் பாதியில் அறுந்தது.

அதன் பிறகு அவளுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது. அது மட்டும் கேட்டது.